சும்மா இருக்கத் தெரிந்த மெஷின்

நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் புந்தார் என்று வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: வேலையை விடாமல் பகுதிநேரமாக ஸ்டிக்கர் தொழில் தொடங்க வேண்டும், என்ன வாங்குவது? அதனால் இந்த முறை சினிமா, அரசியல் எதுவும் இல்லை. முழுக்க ஸ்டிக்கர்.

கே: ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஸ்டிக்கர் தொழிலுக்கு நல்ல மெஷின் எது? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— தொழிற்சாலை ஊழியர், பத்து காவான்

ப: நான்கு நாள் தொடாமல் கிடந்தாலும் ஐந்தாம் நாள் சுவிட்சைத் தட்டியதும் வேலைக்கு வருகிற மெஷின்.

ஒரு வரி முடிந்தது. ஆனால் நீங்கள் போடப்போவது ஓவர்டைம் காசு, அதனால் விளக்கமும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் வெட்டும் மெஷின் வேறு, அச்சடிக்கும் மெஷின் வேறு. கட்டரில் இருப்பது ஒரு சிறு கத்தி, ரோலை முன்னும் பின்னும் இழுக்கும் உருளைகள், மோட்டார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் துணி போட்டு மூடி வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈகோ சால்வென்ட் பிரிண்டர் அப்படியல்ல. வினைலில் பட்டதும் உலர வேண்டும் என்பதற்காகவே செய்த மை அது. மெஷினை ஓட்டாமல் விட்டால் ஹெட்டின் நுண்துளைகளிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க மெஷின் அடிக்கடி தன்னைக் கழுவிக்கொள்கிறது. கழுவுவதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மையால்தான். நாள் முழுக்க அச்சடிக்கும் கடைக்கு இது பெரிய செலவல்ல. இரவு ஷிப்ட் வாரத்தில் தூங்கவே நேரமில்லாத உங்களுக்கு, வாசலில் கட்டிய யானை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீனி போட்டாக வேண்டும்.

முதல் வருஷம் கட்டர் மட்டும் வாங்குங்கள்.

கே: அப்படியானால் கலர் ஸ்டிக்கர் கேட்கும் வாடிக்கையாளரை என்ன செய்வது? திருப்பி அனுப்புவதா?
— வாசகி, சுங்கை பாக்காப்

ப: ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? டிசைனை நீங்கள் செய்யுங்கள், அச்சடிப்பதைப் பெரிய கடைக்குக் கொடுங்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சதுர அடிக் கணக்கில் பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. அவர்களிடம் இருப்பது நாள் முழுக்க ஓடும் மெஷின், நிறம் ஒரே சீராக வரும். நீங்கள் வாங்கி வந்து வெட்டி, ஒட்டிக் கொடுத்துவிட்டு உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கட்டரில் ஒரு வசதி அவசியம்: அச்சடித்த தாளின் மூலைக் குறிகளைக் கண்டுபிடித்து, படத்தின் ஓரத்தைச் சரியாகச் சுற்றி வெட்டும் ஆப்டிக்கல் சென்சார். வாங்கும்போது இதைத் தனியாகக் கேளுங்கள், கடைக்காரரை ஒரு தடவை உங்கள் கண்முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, ஈகோ சால்வென்ட் பிரிண்டுக்கு லேமினேட் போடுமுன் ஒரு நாளாவது ஆற விட வேண்டும். மையிலுள்ள கரைப்பான் வெளியேறாமல் உள்ளேயே மூடப்பட்டால் வினைல் இளகி, ஓரம் சுருளும். ‘இன்றே வேண்டும்’ என்கிற ஆர்டருக்கு இதைச் சொல்லி மறுக்கத் தயங்காதீர்கள்.

கே: 12 அங்குலமா, 24 அங்குலமா, 48 அங்குலமா?
— சிம்பாங் அம்பாட் வாசகர்

ப: 24. வினைல் ரோல் 24 அங்குலத்திலும் 48 அங்குலத்திலும் தாராளமாகக் கிடைக்கும். 12 அங்குல மெஷின் வாங்கினால் ரோலை நீங்களே அறுத்து அறுத்துப் போட வேண்டும். 48 வாங்கினால் ஹாலில் சோபாவா மெஷினா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். அகலமான எழுத்து வந்தால் இரண்டு துண்டாக வெட்டி, ஓரம் லேசாக மேலேறும்படி ஒட்டினால் போதும்.

கே: இன்ஜினியரிங் மாணவி நான். லேப்டாப்பில் ஒட்டும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் விற்க ஆசை. ஹாஸ்டல் மேசைதான் என் தொழிற்சாலை. எனக்கும் 24தானா?
— யூ.எஸ்.எம். பொறியியல் வளாகம், நிபோங் திபால்

ப: உங்களுக்கு மட்டும் வேறு பதில். சில்ஹவுட் கேமியோ மாதிரி 12 அங்குல மேசை மெஷின் போதும். கிராப்டெக் என்ற யோக்கோஹாமா கம்பெனியின் துணை நிறுவனம்தான் சில்ஹவுட், வெட்டும் வேலை தெரிந்த குடும்பம். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்து, இதில் வெட்டலாம்.

மிரர்கோட் ஸ்டிக்கர் தாள் மலிவு என்று அதில் இறங்கிவிடாதீர்கள். அது காகிதம், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டினால் ஓரம் ஊறிவிடும். சிந்தெட்டிக் தாள் அல்லது இங்க்ஜெட்டுக்கான வினைல் தாள் வாங்குங்கள். மலிவான டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலும் இருப்பது டை மை. வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் கசியும். மேலே லேமினேட் போட்டே ஆக வேண்டும். பளபள லேமினேட் மூலைக் குறிகளின் மேல் படிந்தால் சென்சார் கண் கூசி நின்றுவிடும். மேட் லேமினேட் போடுங்கள், அல்லது குறிகளை மட்டும் மூடாமல் விடுங்கள்.

கே: ஜப்பான் மெஷினா, சீன மெஷினா? விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே!
— ஜாவி வாசகர்

ப: காசு இருந்தால் ஜப்பான். இல்லையென்றால் சீனம், ஆனால் பார்த்து.

ரோலண்ட், கிராப்டெக் இரண்டும் ஜப்பான். ரோலண்ட் ஹமமட்சு நகரத்துக் கம்பெனி. இந்த மெஷின்களில் இருப்பது சர்வோ மோட்டார். கத்தி எங்கே நிற்கிறது என்பதை மோட்டாரே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ளும், சத்தமும் குறைவு. மலிவான சீனக் கட்டர்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார். போகச் சொன்ன தூரம் போய்விட்டதாகவே அது நம்பும். நடுவில் ஓரிரு படி தவறினாலும் அதற்குத் தெரியாது. ஒரு முழத்துக்குள் வெட்டும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று மீட்டர் லோரிப் பட்டை வெட்டும்போது தெரிந்துவிடும், கோடு மெல்ல ஒரு பக்கம் சாயும்.

விற்பவர் உங்களிடம் 500 கிராம் அழுத்தம், 800 கிராம் அழுத்தம் என்று எண்களை அடுக்குவார். சாதாரண வினைலை வெட்ட 100 கிராம் பக்கம் போதும். ரிஃப்ளெக்டிவ், கல்லில் எழுத்துப் பொறிக்கும் ரப்பர் ஷீட் மாதிரி தடிப்பான சரக்குக்குத்தான் பெரிய எண்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது இது: கத்தி ஓடும் தடத்திலுள்ள வெள்ளைப் பட்டி தேய்ந்தால் இங்கே கிடைக்குமா? கத்தி ஹோல்டர் கிடைக்குமா? கெட்டுப்போனால் பிறையில் பழுதுபார்க்க ஆள் உண்டா, அல்லது நானே பெட்டி கட்டிக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டுமா? ‘இங்கேயே பார்க்கலாம்’ என்று சொல்கிற சீன மெஷின், ‘அனுப்பி வையுங்கள்’ என்று சொல்கிற ஜப்பான் மெஷினைவிட உங்களுக்கு மேல்.

கே: லேசர் எங்ரேவர் வைத்திருக்கிறேன். அதிலேயே வினைலையும் வெட்டலாமா?
— தாமான் வாசகர், நிபோங் திபால்

ப: கூடவே கூடாது. ஸ்டிக்கர் வினைல் என்பது பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. லேசர் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவரும். ஈரம் பட்டால் அமிலம். முதலில் உங்கள் நுரையீரல், பிறகு மெஷினின் கம்பிகள், லென்ஸ் எல்லாம் அரிக்கும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து சோதனைக்காகக்கூட முயலாதீர்கள்.

கே: மெஷினோடு வரும் சாப்ட்வேர் இணையத்தில்தான் ஓடும் என்கிறார்கள். பரவாயில்லையா?
— புக்கிட் தம்பூன் வாசகி

ப: எனக்குப் பிடிக்காது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கிரிக்கட் கம்பெனி, சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 டிசைனுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்தது. ஏற்கெனவே மெஷினைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான்! வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு பின்வாங்கினார்கள். நல்ல மெஷின்தான், பின்வாங்கியதும் நல்லதுதான். ஆனாலும் உங்கள் வருமானத்தின் சாவி இன்னொருவர் சர்வரில் இருக்கக் கூடாது. நெட் இல்லாமலும் வெட்டுகிற மெஷினைப் பாருங்கள். வரைய இன்க்ஸ்கேப் இலவசம், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கே: மலாய், ஆங்கிலம் எல்லாம் அழகாக வெட்டுகிறது. தமிழ் எழுத்து மட்டும் வதைக்கிறது. புள்ளிகள் காணாமல் போகின்றன. கோரல் டிராவில் ‘கொ’ உடைந்து வருகிறது. மெஷின் கோளாறா?
— பகுதிநேர ஸ்டிக்கர்க்காரர், சங்காட்

ப: இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கியிருப்பேன். தமிழில் வெட்டத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினால், மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இந்த வட்டாரத்தில் பினாங்கு, கெடா, பேராக் மூன்றிலிருந்தும் உங்களைத் தேடி வருவார்கள். கோவில் பலகை, கல்யாண மண்டபம், தண்ணீர்ப் பந்தல், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும்.

முதலில் உடைவது. பழைய கோரல் டிராவுக்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புதிய பதிப்பு, அல்லது இன்க்ஸ்கேப் பயன்படுத்துங்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினித் தமிழில் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அந்த நாட்டில் இருந்துகொண்டு கடைப் பலகையில் உடைந்த தமிழ் ஒட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்து, எழுத்துரு. கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருப்பது கத்திக்கு அழகல்ல. நுனி மெலிந்து, தடித்து, மறுபடி மெலியும் எழுத்து உரிக்கும்போது அறுந்துவிடும். ஒரே தடிப்பில் ஓடும் எழுத்தைத் தேடுங்கள். பாலூ தம்பி என்ற எழுத்துரு உருண்டையாக, தடியாக இருக்கும், லோரிக்கும் கடைக்கும் ஏற்றது. முக்தா மலர், கட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் இலவசம், வணிகத்துக்கும் உரிமம் உண்டு. எழுத்தைக் கோடாக மாற்றியபின் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் பகுதிகளை ஒட்டி ஒன்றாக்குங்கள். மறந்தால் கத்தி எழுத்தின் நடுவிலும் ஒரு கோடு போட்டுவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் புள்ளி. ஆங்கிலத்துக்குப் புள்ளி எப்போதோ ஒன்று. நமக்கு ஒரு வரியில் ஏழெட்டு. சின்ன வட்டத்துக்குப் பிடிப்பு குறைவு, சுற்றியுள்ள வினைலை உரிக்கும்போது கூடவே எழுந்து வந்துவிடும். புள்ளியின் குறுக்களவு 3 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். எழுத்துருவில் சிறிதாக இருந்தால் புள்ளியை மட்டும் பெரிதாக்குங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். உரிக்கும்போது தாளோடு தாளாகப் படுக்கவைத்து, மெதுவாக இழுங்கள். வெட்டிய அன்றே உரித்துவிடுங்கள். வெட்டிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தால் பசை மெல்லப் பரவி வெட்டுவாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பகுதிநேரக்காரர்கள் அதிகம் சிக்குவது இதில்தான்.

கடைசியாக, சோதனை வெட்டு. மெஷின் ஒரு சதுரமோ முக்கோணமோ வெட்டிக் காட்டும். நமக்கு அது போதாது. ‘ண்’, ‘ஞ்’ இரண்டையும் வெட்டிப் பாருங்கள். சுழி முழுதாகச் சேராமல் வாய் திறந்து நின்றால், மெஷினில் கொடுத்த ஆஃப்செட் உங்கள் கத்திக்குப் பொருந்தவில்லை. சாதாரண 45 டிகிரி கத்திக்குப் பெரும்பாலும் 0.25 மி.மீ. வினைலை உரித்துவிட்டு அடித்தாளைத் தடவுங்கள். கத்தியின் தடம் லேசாகத் தெரிய வேண்டும், தாள் அறுந்திருக்கக் கூடாது. மெஷின் கோளாறு என்று கொண்டுவரப்படுவதில் பாதி, கத்தியை அளவுக்கு மீறி வெளியே நீட்டியதுதான்.

கே: அண்ணனின் லோரியில் ஒட்டிய பட்டை ஒரு வருஷத்தில் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பசைக்கோடு தெரிகிறது. ஒட்டியது நான்தான். மானம் போகிறது.
— பாரிட் புந்தார் வாசகர்

ப: போனது மானமல்ல, மலிவு வினைல். பி.வி.சி.யை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது கேலண்டர்ட் வகை. இழுத்துச் செய்ததால், வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அதுதான் சுருக்கம். அதிலும் மோனோமெரிக் என்றால் விலை குறைவு, ஆயுளும் குறைவு. பாலிமெரிக் என்றால் ஐந்து வருஷம் பக்கம் நிற்கும். காஸ்ட் வகை கூழாக ஊற்றி உலர வைத்தது. எந்தப் பக்கமும் இழுக்காததால் சுருங்காது. 50 மைக்ரான்தான் தடிப்பு, ஆணித் தலை, மடிப்பு எல்லாவற்றிலும் படிந்து உட்காரும். விலை அதிகம்.

கண்ணாடி, தட்டையான பலகை: பாலிமெரிக் கேலண்டர்ட். ஆணி அடித்த லோரிப் பெட்டி, வளைந்த பம்பர்: காஸ்ட். ஒருநாள் விழா: மோனோமெரிக். கம்பெனிகளே எண் கொடுத்துப் பிரித்திருக்கின்றன. ஜெர்மனியின் ஒராக்கலில் 651 கேலண்டர்ட், 751 காஸ்ட், 631 சுவரில் ஒட்டிக் கழற்ற. அவர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் ஐரோப்பிய வெயிலுக்கான கணக்கு. நம் வெயிலுக்குக் குறைத்தே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

ஒட்டும் நேரமும் முக்கியம். நடுப்பகலில் வெயிலில் நின்ற தகரத்தில் வைத்ததும் பசை கவ்விவிடும், நகர்த்த முடியாது. காலையில் அல்லது நிழலில் ஒட்டுங்கள். மெழுகு, எண்ணெய் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரோலை பிளாஸ்டிக் உறைக்குள் நிமிர்த்தி வையுங்கள். அடித்தாள் ஈரம் குடித்தால் வினைல் அலையலையாக எழும்பும்.

கே: லோரிக் கதவு எழுத்து வேலை நிறைய வருகிறது. கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
— அதே ஊர், வேறு வாசகர்

ப: பி.டி.எம். (BTM), பி.டி.எம். (BDM) என்று காதில் ஒரே மாதிரி விழும் இரண்டு சுருக்கம், முதலாவது சரக்கில்லாத எடை, மற்றது சரக்கோடு எடை. முதலாளி வாயால் சொல்வதைக் கேட்டு வெட்டாதீர்கள். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டை வாங்கிப் பார்த்து எண்ணை எழுதுங்கள். ஒரு எண் மாறினால் சாலையில் நிறுத்தப்படுவது ஓட்டுநர்.

கே: நம்பர் பிளேட்டை ஸ்டைலாக வெட்டித் தரச் சொல்கிறார்கள். நல்ல காசு.
— கம்போங் வாலிபர்

ப: வேண்டாம் தம்பி. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே எழுத்தின் வடிவத்தையும் அளவையும் விதித்திருக்கிறது. காருக்கு 70 மி.மீ. உயரம், 40 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிப்பு. அந்த அளவில் கேட்டால் வெட்டிக் கொடுங்கள், அதற்கும் காசு உண்டு.

கண்ணாடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தனியார் காரில் முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும். பின்பக்கக் கட்டுப்பாடு 2019 மே 8 முதல் தளர்த்தப்பட்டது. அதனால் ஒன்-வே விஷன் விளம்பரம் எல்லாம் பின்கண்ணாடியோடு நிற்கட்டும். வண்டி முழுக்க நிறம் மாற்றும் ராப் கேட்டால், பதிவிலுள்ள நிறம் பற்றி முதலில் ஜேபிஜேயில் கேட்டுவரச் சொல்லுங்கள். அது பகுதிநேரத்தில் செய்கிற வேலையும் அல்ல.

கே: நடிகர் படம், காற்பந்து கிளப் சின்னம் வெட்டி விற்கலாமா? எல்லாரும் செய்கிறார்கள்.
— வாசகர், வால்டோர்

ப: எல்லாரும் செய்வது பதிப்புரிமைச் சட்டம் 1987, வணிகச் சின்னச் சட்டம் 2019 இரண்டும் தெரியாததால். வேல், மயில், ஓம், வாடிக்கையாளரின் குடும்பப் பெயர், நீங்களே வரைந்த சிங்கம், இவற்றுக்கு யாரிடமும் கைகட்ட வேண்டாம். அடுத்தவர் வரைந்த வேல் படத்தை இணையத்தில் எடுத்து விற்றாலும் அது அவருடையதுதான். நீங்கள் வரையுங்கள். வேல் வரைய இன்க்ஸ்கேப்பில் அரை மணி நேரம் போதும்.

கே: ஆகஸ்டில் தேசியக் கொடி ஸ்டிக்கர் நன்றாக ஓடுமா?
— நிபோங் திபால் வாசகி

ப: ஓடும். 14 பட்டை, மேலே சிவப்பு, கீழே வெள்ளை, நட்சத்திரத்துக்கு 14 முனை, பக்கத்தில் பிறை. வெட்டுமுன் ஒருமுறை, ஒட்டுமுன் ஒருமுறை எண்ணுங்கள். 2025இல் தவறான கொடியால் பலர் காவல் நிலையம்வரை போக நேர்ந்தது. உரித்தெடுக்கும்போது ஒரு முனை போய்விட்டால் அந்தத் துண்டைக் குப்பையில் போடுங்கள், விற்காதீர்கள்.

கே: பக்கத்து ஊரில் கடைக் கண்ணாடி எழுத்துக்கு 30 வெள்ளிதான் வாங்குகிறார்களாம். நானும் அதையே வாங்குகிறேன். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.
— ஷிப்ட் ஊழியர், ஜாவி

ப: கணக்குப் போடுவோம். வினைல், டிரான்ஸ்ஃபர் டேப், பெட்ரோல் சேர்த்து 15 வெள்ளி என்று வையுங்கள். டிசைன் ஒரு மணி, வெட்டி உரிக்க ஒரு மணி, போய் ஒட்டி வர ஒன்றரை மணி. மூன்றரை மணி நேரத்துக்கு மிச்சம் 15 வெள்ளி. மணிக்கு 4 வெள்ளி 29 சென்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் கணக்குக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளி 26 சென். மெஷின் வாங்காமல், வினைல் வீணாக்காமல், யாருடைய கண்ணாடியையும் துடைக்காமல் ஃபேக்டரியே உங்களுக்கு அதைக் கொடுக்கிறது. அதைத் தாண்டாத ஆர்டரை எதற்கு எடுக்கிறீர்கள்? மேலே சொன்ன வேலைக்கு 60 வெள்ளி வாங்கினால்தான் ஓவர்டைமுக்குச் சமமாகவே வருகிறது. மெஷின் தேய்மானம், தவறிப்போகும் துண்டு எல்லாம் சேர்த்தால் 80க்குக் கீழே நான் இறங்கமாட்டேன். 30க்குச் செய்பவரைப் போட்டி என்று நினைக்காதீர்கள். அவரும் கூடிய சீக்கிரம் இதே கணக்கைப் போடுவார்.

கே: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விடுமுறையில் செய்யலாமா?
— பெயர் வேண்டாம்

ப: செய்யலாம், எழுத்துபூர்வ அனுமதியோடு. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1993இன் ஐந்தாம் விதி வெளிவேலைக்குத் துறைத்தலைவர் அனுமதியைக் கேட்கிறது. முதலில் கடிதம், பிறகு மெஷின்.

கே: இந்தச் சின்னத் தொழிலுக்கும் பதிவு வேண்டுமா?
— பலர்

ப: வேண்டும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருஷம் 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. வருமான வரிக்கு இனி பிஇ பாரம் இல்லை, பி பாரம். வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்துபோகத் தொடங்கினால் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளருக்குப் பெயர்ப்பலகை செய்தாலும் கவனம்: மலாய் மொழி பலகையில் முதன்மையாக இருக்க வேண்டும், வாசகத்துக்கு மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பும் உண்டு. இதை நீங்கள் முதலிலேயே சொன்னால், மன்றம் பலகையைக் கழற்றச் சொல்லும் நாளில் அவர் உங்களைத் திட்டமாட்டார்.

கே: பழைய ரோலண்ட் ஜிஎக்ஸ்-24 ஒன்று கைமாறி வருகிறது. வாங்கலாமா?
— பண்டார் பாரு வாசகர்

ப: ஆசைப்பட வேண்டிய மெஷின்தான். உங்கள் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் விண்டோஸில் டிரைவர் ஏறுகிறதா, அங்கேயே வெட்டுகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பட்டியில் விரலை ஓட்டுங்கள், பள்ளம் இருந்தால் மாற்றுச் செலவைக் கழித்துக் கேளுங்கள். ரப்பர் உருளை வழவழப்பாகிவிட்டதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளச் செவ்வகம் ஒன்றை வெட்டச் சொல்லுங்கள். தொடங்கிய புள்ளிக்கே கத்தி திரும்பி வந்தால் பணத்தை எடுங்கள்.

கே: தெக்குனில் ஸ்புமி கடன் வாங்கிப் பிரிண்டரும் சேர்த்து வாங்கிவிடவா?
— நிபோங் திபால் வாசகர்

ப: ஸ்புமி, தெக்குன் வழியாக நம் இந்தியச் சமூகத்துக்காக வந்த கடன் திட்டம், பயன்படுத்துங்கள். ஆனால் இப்போதல்ல. வெளியில் கொடுத்து அச்சடிக்கிறீர்கள் அல்லவா, அந்த பில்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மாதாமாதம் அந்தத் தொகை கடன் தவணையைத் தாண்டி, ஆறு மாதம் தொடர்ந்து அப்படியே இருந்தால் அந்த பில்களோடு போய் விண்ணப்பம் போடுங்கள். அன்றைக்கு மெஷின் சும்மா கிடக்காது.

கே: கடைசியாக ஒன்று. முதல் ரோல் என்ன நிறம்?
— பத்து காவான் ஊழியர், மறுபடியும்

ப: வெள்ளை. டின்ட் போட்ட கார்க் கண்ணாடி, கடைக் கண்ணாடி, கறுப்பு மோட்டார், எல்லாவற்றிலும் தெரியும். கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவதானால் திருப்பி வெட்ட மறக்காதீர்கள். இரண்டாவது கறுப்பு, வெள்ளை லோரிக் கதவுக்கு. மூன்றாவது நிறத்தை வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்த பிறகு மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.